கறுவாத்தோட்டத்தில் பிழைதிருத்தம்

பலகை ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபாய்.
மூன்று நாள் தவணை.
தமிழ் வரிகளை மட்டும் பார்த்தால் போதும் என்று
பாயிஸ் ஒரு சிவப்புப் பேனை தந்தார்,
கையெழுத்தும் வாங்கிக்கொண்டார், பேனைக்கு.

நூதனசாலை வாசலில் டச்சுப் பீரங்கி
தலைச்சுழி உதிர்ந்து
டச்சுப் பரங்கியாய்ப் படுத்திருந்தது.
மேல்மாடியில் பறவைகள் எல்லாம்
இடையின ரகரம் பட்டுப்
பரவைகள் ஆகியிருந்தன.
கண்ணாடிக்குள் கொக்குக்கு இத்தனை கடலா என்று
கொஞ்சநேரம் நின்றேன்.
பிறகு திருத்தினேன். காசு வாங்கும் வேலை.

முகமூடி அறையில்
'பொருட்களைத் தேடாதீர்கள்' என்றிருந்தது.
ஒற்றைக் கொம்பு இரட்டையாகி
காலும் போய்விட்ட ஒரு 'தொ'.
பதினேழு வருடமாய்
அந்தப் பலகைக்குக் கீழே கதிரை போட்டிருக்கும்
திலகசிறிக்கு அர்த்தம் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
'சரிதானே' என்றார்,
'தேடி வாறவங்க ஒருத்தரும் இங்க வாறதில்ல.'

அதையும் திருத்தினேன்.

கீழ்த்தளத்தில்
காலியிலிருந்து வந்த அந்தக் கல்.
சீனம், தமிழ், பாரசீகம்.
மதகொன்றுக்கு மூடியாய்
எழுத்து மண்ணைப் பார்க்கக் கவிழ்ந்து கிடந்ததாம்.
வண்டிகள் முதுகின்மேல் போயிருக்கும்.
சாக்கடை மட்டும் படித்திருக்கும்.
பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று
காணிக்கைப் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான்.
வாங்குகிற கடவுள்தான்
மொழிக்கு மொழி வேறு.
மொழிபெயர்த்தவன் என்னைப்போல்
கூலிக்காரனாய் இருந்திருந்தால்
இந்த ஒரு துணிச்சலுக்கே
சம்பளத்தைப் பிடித்திருப்பார்கள்.
புள்ளி ஒன்றைக்கூடக் காணோம்.
கை தன்பாட்டில் பேனை மூடியைக் கழற்றியது.
கல்லைத் தொடாதீர்கள்.
மூடினேன்.

மூன்றாம் நாள் பூங்கா. மரப் பலகைகள்.
மருது, நாகமரம், பேர் தெரியாத ஒரு பிரேசில்காரன்.
பெஞ்சுகளில் குடைக்குள் காதலர்கள்,
மழை இல்லை.
நகரசபைச் சட்டையும் ரப்பர் செருப்புமாய்
சந்தனமேரி வாளியோடு கூடவே நடந்தாள்.

'கறுவாத்தோட்டம்னு பேரு,
ஒரு கறுவாகூட இல்லையே' என்றேன்.
வெறும் பேச்சுக்குத்தான் சொன்னேன்.
அவள் வாளியை வைத்தாள்.
பின்னால் பார்த்தாள். 'வாங்க.'

தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால்
உடைந்த குழாய்களும் பழைய ஊஞ்சல் ஒன்றும்
குவித்த இடத்தில்
என் தோளளவு நின்றது.
புதுக்கொழுந்து, சிவப்பு.
'யாரும் நடலைங்க. குருவி போட்டது.'
இலையொன்றைக் கசக்கி
என் உள்ளங்கையில் வைத்தாள்.
கராம்பு மணத்தது.

'இது கராம்பு' என்றேன்,
பிழை கண்ட பழக்கத்தில்.
'எலை அப்படித்தான் மணக்கும்.
பட்டைதாங்க கறுவா.'

பலகையொன்று எழுதித் தரவா என்றேன்.
மூன்று மொழியிலும், வல்லின றகரத்தோடு,
ஒரு பிழையில்லாமல்.

சந்தனமேரி
ஊஞ்சல் பலகையை இழுத்து
மரத்துக்கு முன்னால் சாய்த்தாள்.
'போட்டீங்கன்னா
விடியிறதுக்குள்ள உரிச்சிருவாங்க.'

பின்னேரம் பாயிஸ் கணக்கெழுதினார்.
அறுபத்து நான்கா, அறுபத்தைந்தா?
அறுபத்து நான்கு என்றேன்.
பேனையைத் திருப்பிக் கொடுக்கையில்
மூக்கைச் சுருக்கினார்:
'கராம்பு வாசம் அடிக்குது. பல்லுக் கொதியா?'

ஓம் என்றேன்.